ஆகாயக் கங்காணியின் விடுவிப்புக் கடிதம்

மொரகந்தத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுக்குப் பதிவுத் தபால் வந்தால், ஒன்று அது நீதிமன்றத்திலிருந்து வந்ததாக இருக்கும், இல்லாவிட்டால் விலாசம் பிழைத்து வந்ததாக இருக்கும். ஆகையால் கொடகவெலயிலிருந்து வந்த தபால்காரர் அழகமுத்துவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது லயத்து வரிசை வீடுகளில் ஏழு கதவுகள் திறந்தன. அழகமுத்துவின் கதவு மட்டும் திறக்கவில்லை. அவர் வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்தார்.

கடிதம் தேசிய வான்வழி நெறிப்படுத்தல் சபையின் பணியாளர் தக்கவைப்புப் பிரிவிலிருந்து வந்திருந்தது. சிங்களத்தில் இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கமும் பிடித்த விஷயத்தைத் தமிழில் ஐந்தே வரியில் அடக்கியிருந்தார்கள். அழகமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"தங்களுக்குச் சொந்தமான மகள் எமது ஆகாயத்திலிருந்து கழன்று வெளிநாடு செல்ல ஆயத்தம் என அறியக் கிடைத்துள்ளது. இது சம்பந்தமாகத் தங்களைத் தக்கவைப்பதற்கு எமது அதிகாரிகள் எதிர்வரும் புதன்கிழமை வருகை தருவர். அன்றைய தினம் பெற்றோர் இருவரும் வீட்டில் உயிருடன் இருத்தல் வேண்டும்."

இருளாயி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உயிரோட இருக்கணும்னா எழுதியிருக்கு?"

"ஆமா."

"எது வரைக்கும்?"

"புதன்கிழமை வரைக்கும்."

"அது வரைக்கும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

மகள் விஜயகலா விமான நிலையத்தில் வேலை செய்கிறாள் என்பது தோட்டம் முழுவதும் தெரிந்த சங்கதி. என்ன வேலை என்பதில்தான் குழப்பம். விமானம் ஓட்டுகிறாள் என்று மேல்பிரிவில் சொன்னார்கள். விமானத்தில் சாப்பாடு கொடுக்கிறாள் என்று கொழுந்து அரைக்கும் ஸ்டோரில் சொன்னார்கள். விஜயகலா ஒருமுறை லீவில் வந்தபோது தாய்க்கு விளக்கிச் சொன்னாள். விமானம் ஓட்டுகிறவருக்கு மேகத்துக்குள் பக்கத்தில் வேறு என்ன வருகிறதென்று தெரியாது. ஒன்று இறங்கும்போது இன்னொன்று குறுக்கே வராமல், வரிசை குலையாமல், எல்லோருக்கும் ரேடியோவில் வழி சொல்லவேண்டும்.

"மடுவத்துல கொழுந்து நிறுக்கறப்ப வரிசை பாக்குற கங்காணி மாதிரியா?" என்று கேட்டாள் இருளாயி.

"அதே மாதிரிதாம்மா. இங்க வரிசை கொழம்பினா சண்டை வரும். அங்க கொழம்பினா செத்துருவாங்க."

அன்றிலிருந்து அவளுக்கு ஆகாயக் கங்காணி என்று பெயராகிவிட்டது.

ஆகாயக் கங்காணிமார் இரண்டு வருடங்களாக ஒவ்வொருவராக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே சம்பளம் பல மடங்கு, வேலை நேரம் பாதி. போனவர்களின் வேலையும் இருப்பவர்கள் தலையில் விழுந்ததால், இருப்பவர்களும் போனார்கள். விஜயகலா இரண்டு தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. இருளாயி இரத்தத்தில் சீனி கூடி இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் எட்டு நாள் படுத்திருந்தபோதும் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவளுக்கு வளைகுடாவில் ஒரு வேலை கிடைத்து ஏழு மாதமாகிறது. சபை ஒரு விடுவிப்புக் கடிதம் தந்தால் போகலாம். சபையோ, விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக மாதம் ஒரு கடிதம் தந்துகொண்டிருந்தது. இந்த மாதம் முடிவதற்குள் வந்து சேராவிட்டால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அங்கிருந்து சொல்லிவிட்டார்கள்.

சபையின் ஆட்கள் வரப்போவதைக் கேட்டதும் விஜயகலா தொலைபேசியில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"அப்பா, அவங்க என்ன நீட்டுனாலும் கையெழுத்துப் போட்டுராதீங்க."

புதன்கிழமை காலையில் மழை. சபையின் வேன் ஸ்டோருக்கு மேலே உள்ள பாதை முடக்கில் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. தக்கவைப்புப் பணிப்பாளரும், மக்கீன் என்ற உத்தியோகத்தரும், ஒரு புகைப்படக்காரரும் தேயிலைக்குள் இருந்த குறுக்குப் பாதையில் நடந்து வந்தார்கள். லயத்துக்கு வந்து சேரும்போது பணிப்பாளரின் இரண்டு காலுறைகளுக்குள்ளும் அட்டைகள் புகுந்திருந்தன. அது அவருக்குத் தெரியாது.

பணிப்பாளர் சிங்களத்தில் பேச, மக்கீன் தமிழில் சொல்லுவதென்று ஏற்பாடு. மக்கீன் பெல்மதுளைக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர், எதற்கும் சிரிக்காத முகம். அந்த ஐந்து வரித் தமிழ்க் கடிதத்தை எழுதியவரும் அவரேதான். அழகமுத்துவுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் மொழிபெயர்க்க என்று ஒரு மனிதர் மழையில் நடந்து வந்திருக்கிறாரே என்ற எண்ணத்தில் அவர் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருந்தார். அதனால் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க நேர்ந்தது.

பணிப்பாளர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "இந்த நாடு உங்கள் மகளுக்கு இலவசக் கல்வி தந்தது. இந்த நாட்டின் இரத்தத்தை உறிஞ்சி வளர்ந்த பிள்ளைகள், வயிறு நிரம்பியதும் கழன்று விழுந்து வேறு நாட்டுக்குப் போகிறார்கள். இது நன்றிகெட்டதனம்" என்றார்.

மக்கீன், "சேர் சொல்றார், ஒங்கட மகள் நல்லாப் படிச்சிருக்காம். சந்தோசமாம்" என்றார்.

இருளாயி பணிப்பாளரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தாங்க, அந்தத் தொரை காலுல ரத்தம் வருது. உப்புக் கொண்டாரேன், அசையாம இருக்கச் சொல்லுங்க."

உப்பு வந்தது. அட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. அவை விழுந்து முடியும் வரைக்கும் பணிப்பாளர் தேசத்துரோகம் பற்றி நாற்காலியில் ஏறி நின்று பேசினார். புகைப்படக்காரர் படம் எடுத்தார்.

"எந்தப் பாடசாலை?" என்று பிறகு கேட்டார் பணிப்பாளர்.

அழகமுத்து சொன்னார். "அஞ்சு வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடம். ரெண்டு வாத்தியாரு. ஒருத்தர் எப்பவும் கல்விக் கந்தோருக்குப் போயிருப்பாரு. பெறகு இரத்தினபுரியில சொந்தக்காரங்க வீட்டுல தங்கிப் படிச்சா. கணக்குக்கு வாத்தியாரு இல்ல, பழைய கேள்வித்தாள வச்சுத் தானே படிச்சா."

மக்கீன் இதைச் சிங்களத்தில், "அரசாங்கத்துக்குக் கடமைப்பட்டிருப்பதாகச் சொல்கிறார்" என்று மாற்றினார். பணிப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து நன்றியுணர்வுப் படிவம் வந்தது. பதினாறு கேள்விகள். முதலாவது கேள்வி: தாய்நாட்டின் ஆகாயத்தை நீர் நேசிக்கிறீரா? (அ) மிகவும், (ஆ) மிக மிகவும். ஒன்பதாவது கேள்வி: மகளைத் தடுக்கப் பெற்றோர் எடுத்த நடவடிக்கை. (அ) கண்ணீர், (ஆ) உணவு மறுத்தல், (இ) நோய்.

"நோய்தான் நல்லது" என்று பணிப்பாளர் சிநேகமாக விளக்கினார். "எங்கள் பிரிவு ஆராய்ச்சி செய்திருக்கிறது. அழுதால் பிள்ளைகள் ஒரு கிழமை தள்ளிப் போடுகிறார்கள். தாய்க்கு நோய் என்றால் மூன்று மாதம் தள்ளிப் போடுகிறார்கள். நெஞ்சுவலி என்றால் இன்னும் விசேஷம். அம்மா கொஞ்ச நாளைக்கு நோயாளியாக இருக்க முடியுமா என்று கேளுங்கள்."

இதை மட்டும் மக்கீன் ஒரு வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்தார்.

இருளாயி உப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "எனக்கு உண்மையாவே சீனி வருத்தம் இருக்குங்க. எட்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தேன். அப்ப எம் மக ஒரு நாளு லீவு கேட்டா. ஆள் இல்லன்னு நீங்கதான் விடல. நெசமான வருத்தத்துக்கு வர விடாம, இப்பப் பொய் வருத்தத்துக்கு வரச் சொல்லுறீங்களே?"

பணிப்பாளர் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "யோசித்துப் பார்ப்பதாகச் சொல்கிறார்" என்றார் மக்கீன்.

அழகமுத்து எதிலும் கையெழுத்துப் போடவில்லை. அவர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். "ஐயா, அந்த விடுவிப்புக் கடுதாசியக் குடுக்குற குழு எப்பக் கூடும்? யாரு யாரு அதுல இருக்காங்க? கூடலன்னா யாரக் கேக்கணும்?" எட்டுத் தடவை கேட்டார். பணிப்பாளர் கொழும்புக்குப் போய் அறிக்கை எழுதும்போது, "தந்தை சபையின் குழுக்களில் அளவுகடந்த அக்கறை உள்ளவர். பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று எழுதினார்.

அதன் பலன் பத்தாம் நாள் தெரிந்தது. "ஆகாயத்தின் பெற்றோர்" என்ற தலைப்பில் கொழும்பில் ஒரு கௌரவிப்பு விழா. இன்னும் நாட்டைவிட்டுப் போகாத உத்தியோகத்தர்களின் பெற்றோருக்குச் சபைத் தலைவர் கையால் நினைவுக் கேடயம். கணவனும் மனைவியும் அதிகாலை பஸ் ஏறிப் போனார்கள்.

மண்டபத்தில் நாற்பது நாற்காலிகளுக்கு வெள்ளை உறை போட்டு, பெற்றோரின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. ஒன்பது நாற்காலியில்தான் ஆள் இருந்தது. அழைப்பிதழ் அச்சடிக்கப் போன நாளுக்கும் விழா நாளுக்கும் இடையில் மற்றவர்களுடைய பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். வரவேற்புரை நடக்கும்போது, முன் வரிசையில் இருந்த ஒரு தகப்பனாருக்குத் தொலைபேசி வந்தது. அவர் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்து, தன்னுடைய மகன் இப்போதுதான் விமானம் ஏறினான் என்று அறிவிப்பாளரிடம் நேர்மையாகச் சொன்னார். அவருடைய நாற்காலியிலிருந்து பெயரைக் கிழித்தார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் இருக்கலாம் என்றார்கள்.

சபைத் தலைவர் உருக்கமாகப் பேசினார்.

"பிள்ளையைப் பிரியும் வேதனை எனக்குத் தெரியாதா? என்னுடைய மகனும் விமானக் கட்டுப்பாட்டாளன்தான். மெல்பர்னில் இருக்கிறான். நல்ல வீடு. பின்னால் தோட்டம். போன வருடம் மூன்று மாதம் போய் நின்றேன். வேலை முடிந்து நான்கு மணிக்கே வந்துவிடுவான். நிம்மதியான சீவியம். அந்த வேதனை உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் உங்கள் பிள்ளைகளை இங்கேயே வைத்திருக்க இரவு பகலாகப் பாடுபடுகிறேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். கேடயத்தில் தமிழில் "வாணத்தின் பெற்றோர்" என்று பொறித்திருந்தது. ஆகாயத்தை வானம் என்று மாற்றியதில் ஒரு எழுத்து வெடித்துவிட்டது. இருளாயி அதை வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கேடயம் வாங்கும்போது அழகமுத்து தலைவரிடமே கேட்டுவிட்டார். தலைவர் பொறுமையாக விளக்கினார். விடுவிப்புக் கடிதம் தருவது வெளியேறல் அனுமதிக் குழு. அதில் ஐந்து பேர். குறைந்தது மூன்று பேராவது இருந்தால்தான் கூட்டம் கூடலாம். இப்போது இருப்பது இரண்டு பேர்.

"மத்த மூணு பேரு எங்கங்க?"

"வெளிநாட்டில்."

"அவங்களுக்கு யாருங்க அனுமதி குடுத்தது?"

"குழுதான். கடைசியாகக் கூடிய கூட்டத்தில் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டார்கள். எல்லாம் சட்டப்படி நடந்தது" என்றார் தலைவர். பிறகு பணிப்பாளரின் அறிக்கை நினைவு வந்து, அழகமுத்துவைத் தலை முதல் கால் வரை பார்த்தார். எந்தத் தகப்பனும் தன் பிள்ளை போவதை விரும்பமாட்டான் என்பது சபையின் ஆராய்ச்சி முடிவு. அப்படிப்பட்ட ஒருவர் குழுவில் இருந்தால் ஒரு விண்ணப்பமும் தப்பிப் போகாது. அந்த மேடையிலேயே, பெற்றோர் பிரதிநிதியாக மொரகந்தத் தோட்டத்து அழகமுத்துவைக் குழுவில் நியமிப்பதாகத் தலைவர் அறிவித்தார். மறுபடியும் கைதட்டினார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது இருளாயி கேட்டாள். "ஒங்களுக்கு என்ன வேலை குடுத்திருக்காங்க?"

"கதவுக்குப் பூட்டு" என்றார் அழகமுத்து.

குழு இருபத்தேழாம் திகதி கூடியது. மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. நீளமான மேசையின் ஒரு மூலையில், மிச்சமிருந்த இரண்டு உறுப்பினர்களான பணிப்பாளரும் மக்கீனும், அவர்களோடு அழகமுத்துவும் உட்கார்ந்தார்கள். மேசையில் பதினெட்டுக் கோப்புகள். மேலே இருந்தது விஜயகலாவுடையது. அதோடு சேர்த்துப் பதினாறு கோப்புகள் கட்டுப்பாட்டாளர்களுடையவை. அடியில் இருந்த இரண்டில், ஒன்று பணிப்பாளருடையது, மற்றது மக்கீனுடையது.

அழகமுத்து பணிப்பாளரின் கோப்பைத் திறந்து பார்த்தார். நியூஸிலாந்தில் ஒரு விமானக் கம்பனி, ஊழியர்கள் வேலையை விட்டுப் போகாமல் தடுப்பதில் அவருக்குள்ள நீண்ட அனுபவத்தைப் பாராட்டி, ஆலோசகராக அழைத்திருந்தது. மக்கீனுக்குக் கட்டாரில் மொழிபெயர்ப்பாளர் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. தன்னுடைய கோப்போ, தன் இரத்த உறவின் கோப்போ வரும்போது அந்த உறுப்பினர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். ஒருவர் வெளியேறினால் இரண்டு பேர்தான் மிச்சம். கூட்டம் செல்லாது. சட்ட அதிகாரியைக் கேட்கலாமென்றால் அவர் போன மாதமே கனடா போய்விட்டார். பணிப்பாளர் விதிப் புத்தகத்தை நீண்ட நேரம் புரட்டினார். வெளியேற வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர, முழுவதுமாக வெளியேற வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. ஆகவே ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தால் வெளியேறியதாகவும், மற்றக் காலை உள்ளே வைத்தால் கூட்டத்தில் இருப்பதாகவும் கொள்ளலாம் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மக்கீன் அதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார்.

பிறகு பணிப்பாளர் தன் யோசனையைச் சொன்னார். இப்போது சிங்களத்தில் நேரடியாகவே அழகமுத்துவிடம் பேசினார். அழகமுத்துவுக்குச் சிங்களம் தெரியும் என்பது விழா மேடையில் அவர் தலைவரோடு பேசியபோதே தெரியவந்திருந்தது.

"மற்றக் கட்டுப்பாட்டாளர்கள் பதினைந்து பேரையும் தேசிய நலன் கருதி நிராகரிப்போம். எங்கள் இருவருடையதும் நிர்வாகப் பதவி, அதனால் ஆகாயத்துக்குப் பாதிப்பில்லை. அனுமதிப்போம். உங்கள் மகளுடையதை வேண்டுமானால் தனியாக எடுத்து, பெற்றோர் பிரதிநிதிக்குச் சபை காட்டும் மரியாதையாக, அனுமதிக்கலாம். ஹரித, சரிதானே?"

அழகமுத்து கோப்புகளைப் பார்த்தார். மேலே இருந்த கோப்பின் மூலையில் மகளின் சிறிய படம் ஒட்டியிருந்தது. ஒரு கையெழுத்து. அவள் போய்விடலாம்.

அவர் பதினொரு வருடம் தோட்டக் கமிட்டித் தலைவராக இருந்தவர். ஒருமுறை வேலை நிறுத்தம் இருபது நாள் தாண்டியபோது, தோட்டத்துத் துரை அவரைத் தனியே பங்களாவுக்குக் கூப்பிட்டு, ஆட்களை வேலைக்கு இறக்கினால் உன் வீட்டுக்கு மட்டும் புதுக் கூரை போட்டுத் தருகிறேன் என்றார். அழகமுத்து எல்லாக் கூரையையும் போடச் சொன்னார். துரை ஒன்றையும் போடவில்லை. இருளாயி மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். ஆனால் அந்த லயத்தில் ஒருவரும் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

"பதினெட்டுக்கும் ஒரே முடிவா எடுப்போம் சேர்" என்றார் அழகமுத்து.

"அப்படியானால் பதினெட்டையும் நிராகரிக்கவேண்டி வரும்."

"நிராகரிங்க. நியூஸிலாந்தும் அதுல இருக்கு."

பணிப்பாளர் தேசத்தைப் பற்றி ஆரம்பித்தார். இலவசக் கல்வி, பாதுகாப்பு, எதிர்காலச் சந்ததி. அழகமுத்து பொறுமையாகக் கேட்டார். பேச்சு பாதியில் இருக்கும்போது நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"மன்னிக்கணும் சேர். வயசாயிருச்சு. எனக்குக் கொஞ்சம் கக்கூசுக்குப் போகணும் போல இருக்கு. நான் போனா ரெண்டு பேருதான் இருப்பீங்க."

"இருங்கள்" என்றார் பணிப்பாளர்.

"அடக்க முடியுமான்னு தெரியல சேர்."

பணிப்பாளர் மக்கீனைப் பார்த்தார். மக்கீன் முதன்முறையாகச் சிரித்தார். பிறகு தமிழில் சொன்னார். "சேர், பெரியவருக்கு அவசரமாம். கெதியா சைன் வைங்கோ." இதைப் பணிப்பாளருக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

விஜயகலாவின் கோப்பு வந்தபோது அழகமுத்து ஒரு காலை வெளியே வைத்து நின்றார். பணிப்பாளரின் கோப்பு வந்தபோது பணிப்பாளர் நின்றார். வாசலில் நின்றபடியே, விழுந்துவிடாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு, பதினெட்டாவது கையெழுத்தையும் போட்டார்.

முப்பத்தோராம் திகதி பிற்பகல் விஜயகலாவின் விமானம். தாயும் தகப்பனும் வழியனுப்ப வந்தார்கள். அவள் தாயைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "மருந்த நேரத்துக்குக் குடிங்கம்மா" என்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். விமானம் மேலே ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று இருளாயி சொன்னதால், இருவரும் விமான நிலையத்துக்கு வெளியே கம்பி வேலியோரம் இருந்த ஒரு தேத்தண்ணிக் கடைக்கு நடந்து போய் உட்கார்ந்தார்கள்.

இரண்டு மணி விமானம் மூன்று மணிக்கும் ஏறவில்லை. மூன்றேகாலுக்கு அழகமுத்துவின் தொலைபேசி அடித்தது. மகளில்லை. விமான நிலையத்துக் கடமைநேர மேற்பார்வையாளர்.

"அனுமதிக் குழு உறுப்பினர் அழகமுத்துவா? ஒரு அவசர அனுமதி வேண்டும். இன்று பிற்பகல் கடமையில் இருக்கவேண்டியவர் வரவில்லை. காலையிலிருந்து நின்ற பையன் தலைசுற்றி விழுந்துவிட்டான். அடுத்தவர் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்."

"வர வேண்டியவரு யாருங்க?"

"பட்டியலில் விஜயகலா அழகமுத்து என்று இருக்கிறது."

"அவ வேலைய விட்டுட்டாளே."

"தெரியும். பட்டியலில் பெயரை வெட்டுகிறவரும் அந்தப் பதினெட்டில் ஒருவர். அவர் முந்தாநாளே போய்விட்டார். உங்கள் மகள் இப்போது விமானத்துக்குள் இருக்கிறார். விமானத்தை அனுப்பக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆளில்லை. அனுப்புவது இருக்கட்டும், இறங்க வேண்டிய நான்கு விமானங்கள் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்றில் எண்ணெய் குறைவு. விடுவிக்கப்பட்டவரை ஒரு மணி நேரத்துக்குத் திரும்பக் கூப்பிட, குழு அனுமதிக்குமா?"

அழகமுத்து அண்ணாந்து பார்த்தார். மேகம்தான் இருந்தது. "அவ இப்ப ஒங்க ஆளில்லங்க. எங்கிட்ட என்னத்துக்குக் கேக்குறீங்க? போய் அவளக் கேளுங்க" என்றார்.

அதற்குள் இன்னொரு அழைப்பு வந்தது. விஜயகலாவின் குரலோடு படிக்கட்டில் ஓடும் சத்தமும் கேட்டது. "அப்பா, நான் எறங்கிட்டேன். டவருக்குப் போயிட்டிருக்கேன். பைலட் சொன்னாரு, மேல நாலு பிளேன் நிக்குதாம்."

"ஒன் பிளேன் ஒன்ன விட்டுட்டுப் போயிராதா?"

"நான் சொல்லாம அது எப்படிப் போகும்?" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

இருளாயி எழுந்து போய்க் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழகமுத்துவும் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேகத்துக்குள்ளிருந்து ஒரு வெளிச்சம் வந்தது. அது பெரிதாகி, இரண்டு சிறகாகி, அவர்களுடைய தலைக்கு மேலே இரைந்துகொண்டு போய்த் தரையைத் தொட்டது.

"இது அவ எறக்கினதா?" என்று கேட்டாள் இருளாயி.

"அவதான்."

இரண்டாவது வந்தது. அது ஓடி ஒதுங்கும்வரை பொறுத்து மூன்றாவது வந்தது. வரிசை குலையவில்லை. ஒவ்வொன்றுக்குள்ளும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இருளாயி கேட்டாள். இருநூறு முந்நூறு இருக்கும் என்றார் அழகமுத்து. அவர்களில் ஒருவருக்கும், தங்களை இறக்கியது இரத்தினபுரிப் பக்கத்தில் ஒரு லயத்துப் பிள்ளை என்று தெரியாது. நாலாவதும் இறங்கியபோது அழகமுத்து கம்பியைப் பிடித்திருந்த கையை எடுத்தார். விரல்கள் மடங்கியபடியே நின்றன. இருளாயி அழுதுகொண்டிருந்தாள். படிவத்தில் கேட்ட மாதிரி இல்லை, வேறு மாதிரி.

நாலரைக்கு அடுத்த கட்டுப்பாட்டாளர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் றம்ஸான். அவருடைய கோப்பும் அந்தப் பதினெட்டில் இருந்தது. அடுத்த கிழமை ஓமானுக்குப் போகிறவர். விஜயகலா தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு, திரும்பவும் படிக்கட்டில் ஓடிப்போய் விமானம் ஏறினாள். றம்ஸான் அவளை அனுப்பி வைத்தார்.

மூன்று கிழமை கழித்து மொரகந்தத் தோட்டத்துக்கு மறுபடியும் பதிவுத் தபால் வந்தது. இந்த முறை தமிழ் நன்றாக இருந்தது, மக்கீன் கட்டாருக்குப் போய்விட்டபடியால்.

செல்வி விஜயகலா அழகமுத்து, முப்பத்தோராம் திகதி பிற்பகல் கடமைக்கு ஒன்றரை மணித்தியாலம் தாமதமாக வந்துள்ளார். கடமை முடியுமுன்பே, மேலதிகாரியின் எழுத்து மூல அனுமதியின்றி, விமானமேறி நாட்டைவிட்டு வெளியேறியுள்ளார். இவ்விரு குற்றச்சாட்டுகளையும் வெளியேறல் அனுமதிக் குழு விசாரித்து அறிக்கை தரவேண்டும். குழுவின் ஏனைய உறுப்பினர்கள் நாட்டில் இல்லாமையால், எஞ்சியுள்ள உறுப்பினராகிய தாங்களே தற்காலிகத் தலைவராகச் செயற்படவும்.

கடிதத்தோடு விசாரணைப் படிவமும் இருந்தது. அழகமுத்து ஞாயிற்றுக்கிழமை குளித்து, சட்டை போட்டுக்கொண்டு, விசாரணைக்கு உட்கார்ந்தார். சாட்சியாக இருளாயி பக்கத்தில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவர் வாட்ஸப்பில் மகளைக் கூப்பிட்டார்.

"வேலை எப்படிம்மா?"

"நல்லா இருக்குப்பா. அங்க மாதிரி இல்ல. ஒன்னரை மணி நேரம் பாத்தா எந்திரிச்சுப் போகச் சொல்லுறாங்க. எனக்குத்தான் எங்க போறதுன்னு தெரியல."

"ஆளுங்க எப்படி?"

விஜயகலா சிரித்தாள். "அதத்தான் சொல்லணும். மத்தியான டியூட்டியில பதினாலு பேரு. அதுல ஒன்பது பேரு நம்ம சபையில இருந்தவங்கதான். ரோஸ்டர் போடுறவருகூட இங்கதான் இருக்காரு. இத்தன பேரு ஒரே டியூட்டியில ஒன்னா உக்காந்து நான் அங்க பாத்ததே இல்லப்பா. எல்லாரும் சிங்களத்துலதான் பேசிக்கிறோம். பகலுக்குப் பருப்பும் சோறும்."

அவர் தொலைபேசியை இருளாயியிடம் கொடுத்துவிட்டுப் படிவத்தைப் பார்த்தார். குற்றச்சாட்டு ஒன்று: வந்தது உண்மையா? உண்மை என்று எழுதினார். குற்றச்சாட்டு இரண்டு: போனது உண்மையா? உண்மை. சாட்சியின் கூற்று என்ற இடத்தில், நான்கு விமானம் இறங்கியதைச் சாட்சி கண்ணால் கண்டதாக எழுதினார்.

கடைசிக் கேள்வி: திறமையான உத்தியோகத்தர்களையும் சபையையும் ஒரே இடத்தில் வைத்திருப்பதற்குத் தங்கள் சிபாரிசு.

அழகமுத்து பேனையைக் கடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். உத்தியோகத்தர்கள் ஏற்கெனவே ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள். பிறகு, தோட்டக் கமிட்டிக்கு மனு எழுதிய காலத்துக் குண்டு எழுத்தில் எழுதினார்.

"சபையும் அங்கே போக விரும்பினால் விண்ணப்பிக்கலாம். குழுவுக்கு ஆட்சேபனை இல்லை."

கீழே கையெழுத்துப் போட்டு, தற்காலிகத் தலைவர் என்று எழுதினார்.